ஃபித்னா, குரூஜ், பக்யு: எழுச்சி குறித்த அரபுச் சொற்களும் தமிழாக்கமும்

தலைமைக்கு எதிரான எழுச்சியைக் குறிக்கும் அரபுச் சொற்கள் பல. தொடக்க கால இஸ்லாமிய வரலாற்றைத் தமிழாக்கும்போது அவை யாவற்றையும் 'கலகம்' என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடும் போக்கு காணப்படுகிறது. மூலத்தில் இச்சொற்கள் வெவ்வேறு தீர்ப்புகளைத் தாங்கி நிற்பவை. அவ்வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கி.பி. 656இல் மூன்றாம் கலீஃபா உஸ்மான் மதீனாவில் தம் இல்லத்திலேயே கொல்லப்பட்டார். அவருக்குப்பின் அலீ பொறுப்பேற்றார். அவ்வாண்டிலேயே பஸ்ராவுக்கு அருகில் ஒட்டகப் போரும், 657இல் ஸிஃப்பீன் போரும் நிகழ்ந்தன. 661இல் கூஃாவில் அலீயும் கொல்லப்பட்டார். இவ்வைந்தாண்டுக் காலத்தை 'முதல் ஃபித்னா' என வழங்குவர். இச்சொல்லின் வேர் பொன்னைத் தீயிலிட்டுத் தரம் அறிதலைக் குறிக்கும் என்பர் அரபு அகராதியாளர். சோதனை என்னும் பொருள் இதிலிருந்து கிளைத்ததே. 'கலகம்' என்றவுடன் கலகம் செய்தவர் யார் என்ற வினா எழும். ஃபித்னா அவ்வினாவை எழுப்புவதில்லை. இருதரப்பிலும் நபித்தோழர் நின்று பொருத நிகழ்ச்சிக்குக் குற்றவாளியைச் சுட்டாத இச்சொல் பொருந்தியதில் வியப்பில்லை.

'குரூஜ்' என்பதற்கு வெளியேறுதல் என்பதே நேர்ப்பொருள். 'அலா' என்னும் முன்னிடைச்சொல் சேரும்போதுதான் ஒருவருக்கு எதிராகக் கிளர்ந்தெழுதல் என்றாகிறது. ஸிஃப்பீனில் நடுவர் தீர்ப்புக்கு உடன்பட்டதை ஏற்காமல் அலீயின் படையிலிருந்து பிரிந்து, ஹரூராவில் திரண்டோரைப் பிறர் கவாரிஜ் என்றனர். அவர்களோ தம்மை 'ஷுராத்', அதாவது இறைவனுக்காகத் தம் உயிரை விற்றோர் என்றனர். 658இல் நஹ்ரவானில் அவர்களை அலீ முறியடித்தார். 661இல் அவரைக் கொன்ற இப்னு முல்ஜம் அக்கூட்டத்தவனே. கவாரிஜைக் 'கலகக்காரர்' எனப் பெயர்த்தால் ஒரு தரப்பின் தீர்ப்பை மொழிபெயர்ப்பாளரே வழங்கியதாகும். 'வெளியேறியோர்' என முதலில் விளக்கிப் பின்னர் ஒலிபெயர்ப்பாகவே ஆளுதல் நன்று.

சிக்கல் மிக்கது 'பக்யு'. வரம்பு மீறல் என்பது இதன் பொருள். இறைநம்பிக்கையாளரின் இரு குழுவினர் பொருதும் நிலையைப் பேசும் குர்ஆன் வசனத்தில் (49:9) இதன் வினைவடிவம் வருகிறது. இதனடியாகச் சட்ட அறிஞர் 'புகாத்' என்னும் வகையை வரையறுத்தனர்: படைவலிமையும், தம் செயலுக்கு மார்க்க அடிப்படையிலான ஒரு விளக்கமும் உடைய கூட்டத்தார் இவர்கள். ஒட்டகப் போரில் அலீ நடந்துகொண்ட முறையே இங்கு முன்மாதிரி. காயமுற்றோரைக் கொல்லலாகாது, அவர்தம் உடைமையைப் போர்ப்பொருளாகப் பங்கிடலாகாது. தப்பியோடுவோரைத் துரத்தலாகாது என்பர் பலர்; இதில் சட்டப்பள்ளிகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. வழிப்பறிக் கொள்ளையர்க்கு இப்பாதுகாப்பு எதுவும் இல்லை.

அண்மையில் ஒரு மொழிபெயர்ப்பின் கையெழுத்துப்படியைப் பார்வையிட நேர்ந்தது. அதில் புகாத் 'துரோகிகள்' ஆகியிருந்தது. அடுத்த தொடரிலேயே அத்துரோகிகளின் காயமுற்றோரைக் கொல்லலாகாது என்ற விதி வந்தது! படிப்பவர் அதை ஆட்சியாளரின் கருணை என்றே கொள்வர். மூலத்திலோ அது அக்கூட்டத்தாருக்குச் சட்டம் அளிக்கும் உரிமை. 'விளக்கமுடைய கிளர்ச்சியாளர்' என்பது சற்று நீளமெனினும் இவ்விடத்தில் பிழையற்றது.

இன்னொரு இடறலும் உண்டு. தமிழ் முஸ்லிம்களின் பேச்சுவழக்கில் 'பித்னா' என்பது குடும்பத்திலோ ஊரிலோ மூட்டிவிடும் பூசலையும் குறிக்கும். சொல் முன்பே தமிழில் இருக்கிறதே என்று ஏழாம் நூற்றாண்டு நிகழ்ச்சிக்கு விளக்கமின்றி ஆள்வோர் இதை மனங்கொள்ள வேண்டும்.