இந்தச் செல்வமும் அந்தச் செல்வமும்

டேட்டாபேஸ் பாடம் தொடக்கத்தில் சுமுகமாகத்தான் போகும். ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் 1970-இல் காட்டிய வழியில் தகவலை அட்டவணைகளாகப் பிரித்து, மாணவர் பட்டியலையும் மதிப்பெண் பட்டியலையும் பதிவு எண்ணை வைத்து இணைத்தால் விடை வந்துவிடும். மேற்படிப்பில் அந்தப் பதிவு எண்ணைப் பிடுங்கிவிடுவார்கள். ஒரு பக்கம் மருத்துவமனையின் நோயாளிகள் பட்டியல், மறுபக்கம் நகராட்சியின் இறப்புப் பதிவேடு. சிகிச்சை பெற்றவர்களில் எத்தனை பேர் இன்று உயிரோடு இருக்கிறார்கள்?

ஒன்றில் 'எஸ். செல்வம்', மற்றதில் 'செல்வம் சுப்பையா'. ஒன்றில் பிறந்த தேதி, மற்றதில் வயது மட்டும், அதுவும் உத்தேசமாக.

இந்தத் தலைவலி கணினிக்கும் மூத்தது. அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் 1918-இல் காப்புரிமை பெற்ற முறையிலிருந்து வளர்ந்ததுதான் சவுண்டெக்ஸ். ஆங்கிலத்தில் எழுதிய பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளையும் எச் போன்றவற்றையும் தள்ளிவிட்டு, ஒலி நெருங்கிய மெய்களுக்கு ஒரே எண்ணைத் தரும். எல்லுக்கு 4, விக்கு 1, எம், என் இரண்டுக்கும் 5. நம் செல்வத்தை இதில் போட்டால் எஸ்-415. செல்வனைப் போட்டாலும் அதே எஸ்-415! யாழ்ப்பாணத்து வழக்கப்படி சி, எச் என்று தொடங்கும் செல்வமோ சி-415 ஆகிவிடுவார். இரண்டு ஆள் ஒன்றாகிறார்கள், ஒரு ஆள் இரண்டாகிறார். ஆங்கிலப் பெயர்களுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது.

கனடாவின் சாக் ரிவர் அணு ஆய்வகத்தில் இருந்த மரபியலாளர் ஹோவர்ட் நியூகோம்புக்கு வேறொரு தேவை. கதிர்வீச்சு தலைமுறைகளைப் பாதிக்கிறதா என்று ஆராய, பிரிட்டிஷ் கொலம்பியாவின் திருமணப் பதிவுகளையும் பிறப்புப் பதிவுகளையும் குடும்பவாரியாக இணைக்க வேண்டியிருந்தது. அவரும் சகாக்களும் 1959-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். ஒரு விவரம் ஒத்துப்போனால் மட்டும் போதாது, தற்செயலாக ஒத்துப்போக எவ்வளவு வாய்ப்பு என்றும் பார்க்க வேண்டும் என்பதுதான் சாரம். ஆணா பெண்ணா என்பது கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே பாதி சரியாக இருக்கும். பிறந்த மாதம் ஏறக்குறைய பன்னிரண்டுக்கு ஒன்று. இரண்டு பட்டியலிலும் முருகன் இருந்தால் கொஞ்சம் மதிப்பெண், நெடுங்கிள்ளி இருந்தால் ஏகப்பட்ட மதிப்பெண்.

இதற்குக் கணித அடித்தளம் போட்டவர்கள் இவான் ஃபெலிகியும் ஆலன் சன்டரும், 1969-இல். கூட்டுமதிப்பு மேல்கோட்டைத் தாண்டினால் ஒரே ஆள், கீழ்க்கோட்டுக்குக் கீழே போனால் வேறு ஆள், நடுவில் சிக்கினால் மனிதர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இந்தப் பாடத்திலேயே அருமையான பகுதி இந்த நடுப்பகுதிதான் என்பேன். செலவு வைப்பதும் அதுவே. அதனால் இரண்டு கோட்டையும் ஒன்றாக்கி, ஆளை மிச்சம் பிடிக்கத் தோன்றும். அந்த ஒற்றைக் கோட்டை உயர்த்தினால் இறந்தவர்கள் உயிரோடிருப்பவர்களாகி, சிகிச்சை அபாரமாகத் தெரியும். தாழ்த்தினால் உயிரோடிருப்பவர் செத்தவராவார். ஆய்வுக் கட்டுரையில் அது ஒரு புள்ளிதான். அதே மென்பொருள் பென்ஷன் அலுவலகத்தில் ஓடினால், அடுத்த மாதப் பணம் நின்றுபோகும்.

ஒரு கோடிப் பெயரை இன்னொரு கோடியோடு ஒப்பிட்டால் 100 லட்சம் கோடி ஜோடிகள். நொடிக்குப் பத்து லட்சம் பார்த்தாலும் மூன்று ஆண்டுக்கு மேலாகும். எனவே பிறந்த ஆண்டுவாரியாகப் பிரித்து, ஒரே ஆண்டுக்குள் மட்டும் ஒப்பிடுவார்கள். உத்தேச வயதால் ஆண்டு மாறிப்போன செல்வம் நடுப்பகுதிக்குக்கூட வரமாட்டார், அவரை யாரும் ஒப்பிடவே இல்லையே. விஷயம் தெரிந்தவர்கள் ஆண்டை விட்டுவிட்டு அஞ்சல் குறியீட்டை வைத்து ஒருமுறை, தகப்பன் பெயரை வைத்து ஒருமுறை என்று மறுபடியும் ஓட்டுவார்கள்.