உறையாத ரத்தமும் உறையாத ரத்தமும் சேர்ந்தால்?

சுட்டிப் பிள்ளைகளே! விளையாடும்போது முழங்காலைச் சிராய்த்துக்கொள்ளாதவர் உங்களில் யாராவது உண்டா? இருக்கவே முடியாது. கொஞ்சம் ரத்தம் கசியும். சற்று நேரத்தில் நின்றுவிடும். "அதெப்படி மாமா தானா நிக்குது?" என்று கேட்கத் தோன்றுகிறதா? சபாஷ்! பெரியவர்களே பலர் கேட்காமல் விட்டுவிட்ட கேள்வி அது.

அடைமழையில் ஏரிக்கரை உடைந்தால் ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள்? ஓடிப்போய் உடைப்பில் சவுக்குக் கம்புகளை ஊன்றுவார்கள். கம்புகளை ஒட்டி மணல் மூட்டைகளை அடுக்குவார்கள். இடுக்கு வழியே நீர் கசியாமல் களிமண்ணை அப்பி இறுக்குவார்கள்.

ரத்தக்குழாய் கிழிந்தாலும் இதே மூன்று வேலைதான் நடக்கிறது. மூட்டைகள்தான் தட்டணுக்கள். ஆஸ்பத்திரியில் பிளேட்லெட் என்பார்கள். ஒரே ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 1,50,000 முதல் 4,50,000 வரை இருக்கும்! கம்பு மாதிரி அவற்றைப் பிடித்து நிறுத்துவது ஒரு நீளமான புரதம். அதன் பெயர் வான் வில்லிபிராண்டு காரணி. களிமண்ணின் வேலையைச் செய்வது ஃபைப்ரின் என்ற இழைகளாலான வலை.

அந்த வலை சும்மா வந்துவிடாது. உறைவுக் காரணிகள் என்ற புரதங்கள் ரத்தத்தில் காத்திருக்கின்றன. முதலாவது அடுத்ததை உசுப்பும், அது அதற்கடுத்ததை உசுப்பும். கடைசியில்தான் ஃபைப்ரின் உருவாகும். இந்தக் காரணிகளுக்கு எண்கள் உண்டு. இப்போதைக்கு 8, 9 என்ற இரண்டை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். புரிந்ததா? புரியாவிட்டால் இன்னொரு முறை மெதுவாகப் படியுங்கள். அவசரமே இல்லை.

இனி ஒரு புதிர். 1940-களில், அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸ் நகரில் ஆல்ஃபிரடோ பவ்லோவ்ஸ்கி என்ற மருத்துவர் இருந்தார். ஹீமோபிலியா உள்ளவர்களின் ரத்தத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். அந்த நோய் இருந்தால் ரத்தம் எளிதில் உறையாது. ஒருவருடைய ரத்தம் நெடுநேரமாகியும் உறையவில்லை. இன்னொருவருடையதும் அப்படியே. இரண்டையும் ஒன்றாகக் கலந்து பார்த்தார். உறைந்துவிட்டது!

உறையாத இரண்டு சேர்ந்து எப்படி உறையும்? பதிலைப் படிக்காமல் கொஞ்சம் யோசியுங்கள். நான் காத்திருக்கிறேன்.

கண்டுபிடித்துவிட்டீர்களா? ஒருவருக்கு 8-ஆம் காரணி குறைவு, ஆனால் 9 இருக்கிறது. மற்றவருக்கு 9 குறைவு, 8 இருக்கிறது. ஒருவரிடம் இல்லாததை மற்றவர் கொடுத்துவிட்டார். ஒரே நோய் என்று எல்லோரும் நினைத்தது உண்மையில் இரண்டு நோய்கள்! எனக்கு மிகவும் பிடித்த மருத்துவக் கதை இது.

1952-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் ரோஸ்மேரி பிக்ஸும் அவருடைய குழுவினரும் 9-ஆம் காரணி குறையும் இந்த இரண்டாவது நோயை விளக்கினார்கள். அவர்கள் சோதித்தவர்களில் ஸ்டீஃபன் கிறிஸ்துமஸ் என்ற ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன். அவன் பெயராலேயே அது கிறிஸ்துமஸ் நோய் ஆயிற்று. இப்போது அதை ஹீமோபிலியா பி என்கிறோம். 8-ஆம் காரணி குறைந்தால் ஹீமோபிலியா ஏ. சுமார் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு ஏ வருகிறது. பி அதைவிட அரிது.

ஏன் பெரும்பாலும் பையன்களுக்கு? இந்த இரண்டு காரணிகளையும் செய்யும் மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. பெண்களுக்கு இரண்டு எக்ஸ். ஒன்று பழுதானாலும் மற்றது கைகொடுக்கும். பையன்களுக்கு ஒன்றே ஒன்றுதான். சுமார் மூன்றில் ஒரு பங்குப் பேருக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இல்லாமலே வருகிறது. இது யாருடைய குற்றமும் இல்லை. தொட்டால் ஒட்டிக்கொள்ளவும் செய்யாது.

பின்லாந்தில் எரிக் வான் வில்லிபிராண்டு என்ற மருத்துவர், ஓலந்துத் தீவுகளைச் சேர்ந்த ஒரு குடும்பத்தை ஆராய்ந்து 1926-இல் எழுதினார். அங்கே பெண்களுக்கும் ரத்தம் நிற்காமல் போயிற்று. 'அப்படியானால் இது வேறு நோய்' என்று சரியாகக் கணித்தார். கம்பு, அதாவது வான் வில்லிபிராண்டு காரணி, குறைந்த நோய் அதுதான். மூக்கிலும் ஈறிலும் அடிக்கடி ரத்தம் வரும். மாதவிடாயின்போது மிக அதிகமாகப் போகும். தங்கைகளே, அப்படி இருந்தால் கூச்சப்படாமல் அம்மாவிடம் சொல்லுங்கள். பரம்பரையாக வரும் ரத்தக்கசிவு நோய்களில் இதுதான் அதிகம் பேருக்கு இருக்கிறது.

தட்டணுக்கள் குறைந்தாலும் ரத்தம் கசியும். டெங்குக் காய்ச்சலின்போது வீட்டில் பிளேட்லெட் எண்ணிக்கை பற்றிக் கவலையோடு பேசுவது இதனால்தான். எண்ணிக்கை சரியாக இருந்தும் அவை ஒன்றோடொன்று ஒட்டாத அரிய நோயும் உண்டு.

ஹீமோபிலியா உள்ளவருக்குச் சின்னக் கீறல் பட்டாலே ரத்தம் பீறிட்டு அடிக்கும் என்று பலர் நம்புகிறார்கள். தவறு. மற்றவர்களுக்கு வரும் அதே வேகத்தில்தான் வரும், நிற்கத்தான் நேரமாகும். பெரிய தொல்லை வெளியே தெரியாது. முழங்கால், கணுக்கால், முழங்கை மூட்டுகளுக்குள் கசியும். முதலில் உள்ளே குறுகுறுக்கும். பிறகு மூட்டு சூடாகி, வீங்கி, மடக்க முடியாமல் போகும். திரும்பத் திரும்பக் கசிந்தால் மூட்டே தேய்ந்துவிடும்.

மருந்து? குறைந்த காரணியை ரத்தக்குழாய்க்குள் ஊசியாக ஏற்றுவார்கள். வளர்ந்த பிள்ளைகள் பலர் தாங்களே போட்டுக்கொள்ளப் பழகிவிடுகிறார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை இன்னொரு படி மேலே போயிருக்கிறது. கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ள 5 பேருக்கு, அவர்களுடைய ரத்தத்தை உண்டாக்கும் செல்களிலேயே சரியான மரபணுவைச் சேர்த்து உடலுக்குள் செலுத்தினார்கள். அவர்களுடைய உடலே 8-ஆம் காரணியைச் செய்யத் தொடங்கியது. 2024-இல் வந்த அந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி!

உங்கள் வகுப்பில் ஹீமோபிலியா உள்ள ஒரு நண்பன் இருந்தால், "முட்டி ஒரு மாதிரி இருக்கு" என்று அவன் சொன்னதும் நம்புங்கள். உட்கார வைத்து, துணியில் சுற்றிய ஐஸ் வைத்து, உடனே ஆசிரியரிடம் சொல்லுங்கள். ஆஸ்பிரின் மாத்திரை கூடவே கூடாது. கபடியும் குத்துச்சண்டையும் அவனுக்கு வேண்டாம். ஆனால் நீச்சல் அவனுக்கு மிக நல்லது, தசைகள் வலுவாகி மூட்டுகளைக் காக்கும். போகும்போது அவனையும் கூப்பிடுங்கள்.