பழைய பாய்மரப் படகும் அதன் ஆணிகளும்

திருச்சானூர்ப் பத்மசரோவரம் போன்ற நன்னீர்க் குளத்தில் மிதக்கும் மரத்தெப்பத்தில் அறைந்த இரும்பாணி பல ஆண்டுகள் உறுதி குன்றாமல் இருக்கக்கூடும். அதே ஆணியைப் பழவேற்காடு ஏரியில் செல்லும் படகில் அறைந்தால் அதன் ஆயுள் வெகுவாகக் குறுகிவிடும். 2022ஆம் ஆண்டு திருப்பதி மாவட்டம் அமைந்தபோது அக்குளமும், இவ்வேரியின் பெரும்பகுதியும் ஒரே மாவட்ட எல்லைக்குள் வந்தன. ஆயினும் நீரின் இயல்பு வேறு. ஏரியின் நீர் கடலோடு கலப்பது. மழைக்காலத்தில் உப்புக் குறைந்தும் கோடையில் மிகுந்தும் மாறுவது.

பழைய பாய்மரப் படகைப் புதுப்பிக்க முற்படுவோர் மரத்தையும் கலப்பற்றையும் பற்றிக் கவலைப்படுகின்றனர். ஆணியைப் பற்றி அவ்வளவாக எண்ணுவதில்லை. பலகை இற்றுப்போனால் கண்ணுக்குத் தெரியும். மரத்தினுள் ஆணி இற்றுப்போவதோ, அலையில் அதிரும் படகின் பலகை வங்கினின்று விலகும்போதுதான் பெரும்பாலும் தெரியவருகிறது. அப்போது படகு கரையில் இராது.

ஆணி அரிக்கப்படுவது எதனால்? கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அந்நீர் மின்சாரத்தை எளிதிற் கடத்தும். இருவேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டவாறு அதில் நனைந்திருப்பின் அவை ஒரு மின்கலமாகின்றன. ஒன்று கரைகிறது, மற்றது காக்கப்படுகிறது. செம்பும் இரும்பும் சேர்ந்தால் கரைவது இரும்பு. இரும்பும் துத்தநாகமும் சேர்ந்தால் துத்தநாகம்.

பிரிட்டிஷ் கடற்படை இதனைப் பெருஞ்செலவில் கற்றது. கப்பற்புழு மரத்தைத் துளைக்காதிருக்கும் பொருட்டு, ‘அலார்ம்’ என்னும் போர்க்கப்பலின் அடிப்பாகத்துக்கு 1761இல் செப்புத்தகடு வேயப்பட்டது. மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று திரும்பிய அக்கப்பலை 1763இல் சோதித்தபோது, செம்பைத் தொட்டிருந்த இரும்பாணிகள் பல அரிபட்டுக் கிடந்தன. சில மட்டும் கெடவில்லை. தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புத்தாள் அவ்விடங்களில் கிழியாமல் இரண்டு உலோகங்களுக்கும் இடையே ஒட்டியிருந்ததே காரணம். ஒரு தாளின் தடிப்பு ஆணியைக் காத்தது!

ஆகவே, ஆணி வாங்கக் கடைக்குச் செல்லுமுன் படகில் ஏற்கெனவே உள்ள உலோகம் எது என்று அறிதல் வேண்டும். ஏராக்கட்டையை ஒட்டிய இடம், அணியம், நீர்மட்டத்துக்குக் கீழுள்ள நடுப்பகுதி ஆகியவற்றில் சில ஆணிகளைப் பிடுங்கிப் பார்க்கலாம். காந்தம் இழுத்தால் இரும்பு. இழுக்காவிடின் அரத்தால் சற்றே தேய்த்துப் பார்க்க: மஞ்சளாயிருப்பின் பித்தளை, செந்நிறமாயிருப்பின் செம்போ செம்பு மிகுந்த வெண்கலமோ ஆகலாம்.

இரும்பாணியால் கட்டிய படகுக்கு, உருகிய துத்தநாகத்தில் தோய்த்தெடுத்த இரும்பாணியே பொருந்தும். மின்முறையில் பூசிய ஆணி பளபளப்பாயிருக்கும். பூச்சோ மிக மெல்லியது, விரைவில் தீர்ந்துவிடும். விலையுயர்ந்ததாயிற்றே என்று வெண்கல ஆணிகளை இரும்பாணிகளுக்கு அருகில் அறைவது தீங்காகும். பக்கத்து இரும்பாணிகள் அதற்கு இரையாகும். செப்பாணிப் படகுக்குச் செம்போ, 100க்கு 3 பங்கு அளவில் சிலிக்கான் கலந்த வெண்கலமோ தக்கது.

பித்தளைத் திருகாணிதான் பலரை ஏமாற்றுவது. அது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். உப்புநீரில் துத்தநாகம் மட்டும் கரைந்து போக, துளை நிறைந்த செம்பு எஞ்சுகிறது. ஆணியின் வடிவம் மாறுவதில்லை. மஞ்சள் நிறம் இளஞ்சிவப்பாகியிருக்கும், திருகினால் தலை முறிந்து கையோடு வரும். நீர்மட்டத்துக்குக் கீழே பித்தளை ஆகாது.

எவர்சில்வர் என வழங்கும் துருவேறா எஃகையும் எங்கும் நம்புதல் கூடாது. அதன் மேலுள்ள குரோமிய ஆக்சைடுப் படலம் நிலைபெற ஆக்சிஜன் வேண்டும். ஈரமரத்தினுள் காற்றுப் புகாமையால் படலம் சிதைந்து, ஆணி குழிகுழியாய் அரிபடும். மாலிப்டினம் சேர்ந்த 316 என்னும் வகை சற்று மேலானது. அதனையும் நீர்மட்டத்துக்கு மேலே பயன்படுத்துவதே தகும்.

ஆணியோடு மரமும் கெடுகிறது. வினையின்போது தோன்றும் காரம் சுற்றியுள்ள மரத்தை நார்நாராய் மென்மையாக்கும். அவ்வாறான துளையில் தடித்த ஆணியை அறைவதால் பயனில்லை. கெட்ட பகுதியை நீக்கி நன்மரம் பொருத்தி, புதுத்துளையிட்டே ஆணி அறைதல் வேண்டும். ஓடாவியர் கூலி கூடும்தான், வேறு வழியில்லை.

ஆணியே இல்லாத படகும் உண்டு. சோழமண்டலக் கரையின் மசூலாப் படகுகள் கயிற்றால் தைக்கப்பட்டவை. அலை மோதும்போது வளைந்து கொடுப்பது அவற்றின் சிறப்பு. இந்தியக் கடற்படையில் 2025இல் சேர்ந்த ‘கௌண்டின்யா’ என்னும் பாய்மரக் கப்பலும் தையல் முறையில் கட்டப்பட்டதே. ஆணியால் கட்டிய படகைத் தையலுக்கு மாற்றுவது மட்டும் நடவாத காரியம்.

மேற்கூறிய வினையை மாணவர்க்கு எளிதிற் காட்டலாம். லிட்டருக்கு 35 கிராம் உப்பிட்ட நீரை மூன்று கண்ணாடிக் குவளைகளில் ஊற்றுக. உப்புத்தாளால் தேய்த்த மூன்று இரும்பாணிகளுள் ஒன்றைத் தனியாகவும், ஒன்றைச் செப்புக்கம்பி இறுகச் சுற்றியும், ஒன்றைத் துத்தநாகத் துண்டோடு இறுகக் கட்டியும் அவற்றில் இடுக. டார்ச்சு விளக்கின் பழைய துத்தநாக உறைக் கலத்திலிருந்து அத்துண்டை வெட்டியெடுக்கலாம். ஆசிரியரே வெட்டிக் கழுவித் தருதல் நன்று. நாள்தோறும் ஒரே நேரத்தில் பார்த்து, எந்நீர் முதலில் பழுப்பாகிறது, எந்த ஆணி வெண்மையாகவே நிற்கிறது, துத்தநாகத்தின் மேல் படியும் வெண்பொருள் எவ்வளவு என்பதைக் குறித்துவரச் செய்க.