லண்டன்: வாசலில் தலைக்கு, உள்ளே வயதுக்கு

பிரிட்டனுக்கான 6 மாதச் சுற்றுலா விசாவின் கட்டணம் 2025 ஏப்ரல் 9-இல் 127 பவுண்டு ஆனது. 2023 அக்டோபர் 4-க்கு முன்பு அது 100 பவுண்டு. அன்று 115 ஆனது. ஒன்றரை ஆண்டில் 27% உயர்வு. கைக்குழந்தைக்கும் இதே 127 பவுண்டுதான். அப்பா, அம்மா, 7 வயது மகள், 4 வயது மகன் என்று நால்வர் அடங்கிய குடும்பத்தை இக்கட்டுரை முழுவதற்கும் அளவுகோலாக வைத்துக்கொள்வோம். விசாவுக்கு மட்டும் 4 × 127 = 508 பவுண்டு. 1 பவுண்டுக்கு 115 ரூபாய் என்று கணக்கிட்டால் 58,420 ரூபாய். இதில் சரிபாதி, 29,210 ரூபாய், குழந்தைகள் இருவருக்காகக் கட்டுவது.

இதே குடும்பம் பாரிஸுக்குப் போவதாக இருந்தால் ஷெங்கன் விசா எடுக்க வேண்டும். 2024 ஜூன் முதல் அதன் கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, 6 வயதுக்குக் குறைந்தால் 0. நால்வருக்கும் சேர்த்து 90 + 90 + 45 + 0 = 225 யூரோ. குழந்தைகளின் பங்கு 20%. லண்டன் கணக்கில் அது 50%.

சிங்கப்பூர், மலேசியக் குடிமக்களுக்கு விசா தேவையில்லை; 2025 ஜனவரி 8 முதல் மின்னணுப் பயண அனுமதி மட்டும் கட்டாயம். அதே ஏப்ரல் 9-இல் அதன் கட்டணம் 10 பவுண்டிலிருந்து 16 ஆனது. அங்கும் வயதுச் சலுகை கிடையாது. அந்தக் கட்டணத்தில் நால்வருக்கு 64 பவுண்டு.

நகருக்குள் நுழைந்ததும் கணக்கு மாறிவிடுகிறது. சுரங்க ரயில், எலிசபெத் தடம், ஓவர்கிரவுண்ட், டி.எல்.ஆர். ஆகிய நான்கு ரயில் சேவைகளிலும் டிக்கெட் உள்ள பெரியவர் ஒருவருடன் 11 வயதுக்குட்பட்ட 4 குழந்தைகள் வரை இலவசமாகப் போகலாம். பேருந்திலும் இந்த வயதினருக்குக் கட்டணம் இல்லை. நம் குடும்பத்தில் கட்டணம் செலுத்துவோர் இருவர் மட்டுமே. நடுநகரான 1-ஆம் மண்டலத்துக்குள் நெரிசல் இல்லாத நேரத்தில் ஒரு சுரங்க ரயில் பயணத்துக்கு 2025-இல் 2.80 பவுண்டு, நால்வருக்கும் சேர்த்து 5.60 பவுண்டு. பாரிஸ் மெட்ரோவில் அதே ஆண்டு பெரியவருக்கு 2.50 யூரோ, 4 முதல் 9 வயது வரை பாதி. ஆக நால்வருக்கு 7.50 யூரோ. நியூயார்க்கில் வயதைப் பார்ப்பதில்லை, உயரத்தைப் பார்க்கிறார்கள். 44 அங்குலம், அதாவது சுமார் 112 செ.மீ. வரை இலவசம், அதைத் தாண்டினால் முழுக் கட்டணம். 7 வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் அந்தக் கோட்டைக் கடந்திருப்பார்கள். எனவே 2025-இல் 2.90 டாலர் வீதம் 3 டிக்கெட்டுகள், 8.70 டாலர். கட்டணத்தில் குழந்தைகளின் பங்கு பாரிஸிலும் நியூயார்க்கிலும் 33%, லண்டனில் 0%.

சுரங்க ரயிலா, பேருந்தா என்ற கேள்விக்குப் பணம் ஒரு பதிலைத் தருகிறது. 2025-இல் 1, 2-ஆம் மண்டலங்களுக்குள் எத்தனை முறை ஏறி இறங்கினாலும் ஒரு பெரியவருக்கு ஒரு நாளில் 8.90 பவுண்டுக்கு மேல் பிடிக்கவில்லை. பேருந்தில் மட்டும் போனால் அந்த உச்சவரம்பு 5.25 பவுண்டு. 6 நாளுக்கு, இருவருக்கு, சுரங்க ரயில் 106.80 பவுண்டு, பேருந்து 63 பவுண்டு. மிச்சம் 43.80 பவுண்டு, அதாவது 41%. பேருந்தின் ஒரு பயணக் கட்டணம் 2020-இல் 1.50 பவுண்டு, 2021-இல் 1.55, 2022-இல் 1.65, 2023-இல் 1.75. அதன் பிறகு 2024, 2025 இரண்டு ஆண்டுகளிலும் உயரவில்லை. முதலில் ஏறியதிலிருந்து 1 மணி நேரத்துக்குள் எத்தனை பேருந்து மாறினாலும் ஒரே பயணக் கட்டணம்தான்.

ஸ்ட்ரோலர் தரும் பதில் இதைவிட அழுத்தமானது. சுரங்க ரயிலின் 272 நிலையங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில்தான் தெருவிலிருந்து நடைமேடை வரை படியில்லாமல் போகலாம். மீதமுள்ள சுமார் 180 நிலையங்களில் எங்காவது ஓரிடத்தில் ஸ்ட்ரோலரை மடக்கவோ தூக்கவோ நேரும். கோவென்ட் கார்டன் நிலையத்தில் மின்தூக்கி நெரிசலாக இருக்கிறதென்று படிகளில் இறங்கத் துணிந்தால் 193 படிகள். அங்கிருந்து அடுத்த நிலையமான லெஸ்டர் ஸ்கொயருக்குச் சுமார் 260 மீட்டர்தான். அந்தத் தொலைவுக்கு ரயில் ஏறினாலும் 2025 கட்டணப்படி இருவருக்கு 5.60 பவுண்டு. நகரப் பேருந்துகளோ தாழ்தளப் பேருந்துகள். ஸ்ட்ரோலரை மடக்காமல் ஏற்றலாம், சக்கர நாற்காலியில் ஒருவர் வந்தால் மட்டும் இடம் விட வேண்டும். 5 வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டாருக்குப் பேருந்தையே சொல்வேன். மாடிப் பேருந்தின் முன்னிருக்கை குழந்தைகளுக்குக் காட்சிக்கூடம் போன்றது. அதற்குத் தனிக் கட்டணமும் இல்லை.

லண்டன் கணக்கில் மிகப் பெரிய எண் பூஜ்யம். பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 1759-இல் திறந்தபோதே நுழைவு இலவசம். 1974-இல் சில காலம் கட்டணம் வசூலித்ததைத் தவிர இன்றும் அப்படியே. இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், அறிவியல் அருங்காட்சியகம், விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் ஆகியவை கட்டணம் வசூலித்தவை. 1999-இல் குழந்தைகளுக்கும், 2001 இறுதிக்குள் எல்லோருக்கும் அது நீங்கியது. அவற்றைப் போல் முன்பு கட்டணம் வசூலித்த தேசிய அருங்காட்சியகங்களுக்கு 2000–01-இல் வந்தவர்கள் சுமார் 70 லட்சம் பேர். 2010–11-இல் ஏறத்தாழ 1 கோடி 80 லட்சம். பத்தாண்டில் சுமார் இரண்டரை மடங்கு. பாரிஸின் லூவரில் 18 வயதுக்குட்பட்டோருக்கு இலவசம், ஆனால் பெரியவர் கட்டணம் 2024 ஜனவரியில் 17 யூரோவிலிருந்து 22 ஆனது. 2026 ஜனவரி முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருவோருக்கு 32. நம் குடும்பத்துக்கு லூவர் 2023-இல் 34 யூரோ, 2026-இல் 64 யூரோ. மூன்றாண்டில் 88% உயர்வு. லண்டனில் அதே காலத்தில் 0-விலிருந்து 0. வாசலில் வைத்திருக்கும் பெட்டியில் தலைக்கு 5 பவுண்டு நன்கொடை கேட்கிறார்கள். கட்டாயமில்லை. முடிந்தவர்கள் போட வேண்டும் என்பது என் கருத்து. இருவர் 10 பவுண்டு போட்டாலும் லூவரின் செலவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான்.

இலவசம் என்பதன் மதிப்பு சிறு குழந்தையோடு போகும்போது இன்னும் கூடுகிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள பொருள்கள் சுமார் 80 லட்சம். காட்சியில் இருப்பவை சுமார் 80,000, அதாவது 1%. ஒரு பொருளுக்கு 10 விநாடி ஒதுக்கினாலும் 222 மணி நேரம் வேண்டும். 4 வயதுக் குழந்தை ஒன்றரை மணி நேரம் பொறுத்துக்கொண்டால் அதுவே அதிகம். அந்த 90 நிமிடங்களில் நிமிடத்துக்கு ஒன்றாகப் பார்த்தாலும் காட்சியில் உள்ளவற்றில் 0.11%தான் முடியும். டிக்கெட் வாங்காததால் பாதியில் கிளம்புவதில் நட்டமில்லை; மறுநாள் திரும்பி வரவும் தடையில்லை. டவர் ஆஃப் லண்டனில் அப்படியில்லை. 2024-இல் பெரியவருக்கு 34.80 பவுண்டு, 5 முதல் 15 வயது வரை 17.40, 5 வயதுக்குட்பட்டோருக்கு 0. நம் குடும்பத்துக்கு 87 பவுண்டு. 3 மணி நேரம் இருந்தால் மணிக்கு 29 பவுண்டு. மகன் அழுது 1 மணி நேரத்தில் வெளியேறினால் மணிக்கு 87. அதனால் டவருக்குப் போகும் நாளில் வேறெதையும் சேர்க்காமல், குழந்தைகள் தூங்கி எழுந்த காலைப் பொழுதில் போவது நல்லது.

பூஜ்யத்துக்கும் ஒரு விலை உண்டு: நெரிசல். இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு 2023-இல் 56,88,786 பேர் வந்தார்கள். 2024-இல் 63,01,972 பேர். 11% கூடுதல். டிசம்பர் 24, 25, 26 விடுமுறை போக 363 நாட்களுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 17,300-க்கு மேல். தினமும் திறந்திருப்பது 7 மணி 50 நிமிடம். அப்படியானால் நிமிடத்துக்குச் சராசரியாக 37 பேர் உள்ளே நுழைகிறார்கள். மைய மண்டபத்தில் தொங்கும் நீலத்திமிங்கிலத்தின் எலும்புக்கூடு 25.2 மீட்டர் நீளம், 4.5 டன் எடை. 1 மீட்டர் உயரக் குழந்தை தன்னைப்போல் 25 மடங்கு நீளமுள்ளதை அண்ணாந்து பார்க்கிறது. கூட்டம் மறைக்காத காட்சி அது ஒன்றுதான். டைனோசர் கூடத்துக்குக் காலை 10 மணிக்கே வாசலில் நிற்பது உதவும்.

உயரத்திலிருந்து நகரைப் பார்ப்பதிலும் விலைக்கும் அளவுக்கும் தொடர்பில்லை. கட்டணம் கட்டி ஏறும் லண்டன் ஐ ராட்டினத்தின் உச்சி 135 மீட்டர். ஒரு சுற்றுக்கு 30 நிமிடம். 2015-இல் திறந்த ஸ்கை கார்டன் 155 மீட்டர்; 2023 செப்டம்பரில் திறந்த ஹொரைசன் 22 என்ற காட்சித்தளம் 254 மீட்டர். இவ்விரண்டும் இலவசம், முன்பதிவு மட்டும் வேண்டும். ஐ-யைவிட 88% கூடுதல் உயரத்துக்கு 0 பவுண்டு.

ஓடியாட இடமும் கணக்கில் வர வேண்டும். ஹைட் பார்க் 350 ஏக்கர், அதையொட்டிய கென்சிங்டன் கார்டன்ஸ் 265 ஏக்கர். ஆனால் நான் முதலில் சொல்வது 7 ஏக்கரே உள்ள கோரம்ஸ் ஃபீல்ட்ஸ். ஆதரவற்ற குழந்தைகளுக்காகத் தாமஸ் கோரம் 1739-இல் நிறுவிய இல்லம் இருந்த இடம் அது. 1936 முதல் விளையாட்டுத் திடல். குழந்தையுடன் வராத பெரியவருக்கு அங்கே அனுமதி இல்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலிருந்து சுமார் 800 மீட்டர் நடை. குழந்தையின் ஓரடியை 40 செ.மீ. என்று கொண்டால் 2,000 அடிகள்.

வானிலை பற்றிச் சில எண்களே போதும். ஹீத்ரோவில் ஆண்டு மழை சுமார் 615 மி.மீ.; மழை நாட்கள் சுமார் 110, அதாவது 30%. மழை குறைவு, நாட்கள் அதிகம். ஜூன் 21-இல் பகல் 16 மணி 38 நிமிடம், டிசம்பர் 21-இல் 7 மணி 50 நிமிடம். மலிவான குளிர்காலப் பயணம் பகலில் பாதியைப் பிடித்துக்கொள்கிறது. மழைக்கோட்டு வாங்க நேர்ந்தால், பொதுவான விற்பனை வரி 20% என்றாலும் குழந்தை ஆடைக்கும் காலணிக்கும் அது 0%.

விமானக் கட்டணம், தங்குமிடம், உணவு நீங்கலாக இப்போது கூட்டிப் பார்ப்போம். விசா 508, பேருந்து 63 (இரண்டும் 2025 கட்டணம்), அருங்காட்சியகங்கள் 0, டவர் 87 (2024 கட்டணம்). மொத்தம் 658 பவுண்டு. இதில் 77% நாட்டின் வாசலிலேயே முடிந்துவிடுகிறது. நகருக்குள் செலவாகும் 150 பவுண்டில் குழந்தைகளின் பங்கு 17.40, அதாவது 11.6%.

குழந்தைக்குச் சலுகை தர பிரிட்டிஷ் அரசுக்குத் தெரியாமலில்லை. லண்டனிலிருந்து இந்தியா திரும்பும் விமானத்தில் சாதாரண வகுப்புப் பயணிக்கு விமானப் பயண வரி 2025 ஏப்ரலில் 90 பவுண்டு ஆனது. அதே வகுப்பில் 16 வயதுக்குட்பட்டோருக்கு 2016 மார்ச் முதல் வரி இல்லை. வெளியேறும்போது விலக்குப் பெறும் குழந்தை நுழையும்போது முழுக் கட்டணம் செலுத்துவதற்கு நியாயம் இல்லை. ஷெங்கன் முறையைப் பின்பற்றி 6 வயதுக்குக் குறைந்தால் 0, 11 வயது வரை பாதி என்று பிரிட்டன் வைத்தால் இக்குடும்பத்தின் விசாச் செலவு 508 பவுண்டிலிருந்து 317.50 ஆகும். 37.5% குறையும்.