பொருள் ஒன்று, கண்ணிகள் பல: இலாபம் பிறக்கும் இடம் எது?

ஆண்டிறுதியில் கணக்கேட்டைப் புரட்டும் வர்த்தகர், வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, மிச்சம் இவ்வளவு என்று அறிந்துகொள்கிறார். ஆனால் அந்த மிச்சம் தொழிலின் எந்தப் பகுதியில் உண்டாயிற்று, எந்தப் பகுதியில் கரைந்து போயிற்று என்பதைக் கணக்கேடு சொல்வதில்லை. அதனைக் கண்டறியும் வழியொன்றை ஹார்வார்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கல் போர்ட்டர் 1985ஆம் ஆண்டு வெளியான தமது நூலில் வகுத்துக் காட்டினார். அதுவே பெறுமதிச் சங்கிலிப் பகுப்பாய்வு.

ஒரு நிறுவனத்தின் வேலைகளை அவர் ஒன்பது கண்ணிகளாகப் பிரித்தார். மூலப்பொருளை வருவித்துக் களஞ்சியப்படுத்தல், உற்பத்தி, உற்பத்திப் பொருளை அனுப்பிவைத்தல், சந்தைப்படுத்தலும் விற்பனையும், விற்பனைக்குப் பிந்திய சேவை ஆகிய ஐந்தும் முதன்மை வேலைகள். கொள்வனவு, தொழில்நுட்ப விருத்தி, ஆளணி முகாமைத்துவம், நிர்வாகக் கட்டமைப்பு ஆகிய நான்கும் அவற்றுக்குத் துணைநிற்பவை. ஒவ்வொரு கண்ணிக்கும் செலவு எவ்வளவு, அதனால் வாங்குபவர் கண்ணில் பொருளின் பெறுமதி எவ்வளவு உயர்கிறது, ஒரு கண்ணி மற்றொன்றை எவ்வாறு பாதிக்கிறது என்பனவே ஆராயவேண்டிய மூன்று வினாக்கள்.

உற்பத்தியையும் சில்லறை விற்பனையையும் ஒருங்கே நடத்தும் தொழிலுக்கு நல்ல எடுத்துக்காட்டு ஸ்பெயின் நாட்டின் 'ஸாரா' ஆடை நிறுவனம். வடமேற்கு ஸ்பெயினின் கலீசியாப் பகுதியில் 1963இல் அமான்சியோ ஒர்ட்டேகா குடும்பத்தாருடன் சேர்ந்து சிறிய தையற் பட்டறையொன்றைத் தொடங்கினார். 1975இல் ஆ கொருன்யா நகரில் முதலாவது ஸாரா கடை திறக்கப்பட்டது. 1985இல் இன்டிடெக்ஸ் என்னும் தாய் நிறுவனம் உருவாயிற்று. 2001இல் அதன் பங்குகள் சந்தைக்கு வந்தன.

ஆடை வர்த்தகர் பலர் செய்தது யாது? கூலி குறைந்த ஆசிய நாடுகளில் பல மாதங்கள் முன்னதாகவே பெருந்தொகையில் தைப்பித்துக் கப்பலில் வருவித்தனர். தையல் என்ற ஒரு கண்ணியை மாத்திரம் நோக்கின் அதுவே மலிவு. ஸாராவோ, சாதாரண ஆடைகளை அவ்வாறு வெளியிடங்களில் வாங்கினாலும், நாகரிகத்தோடு விரைந்து மாறும் ஆடைகளைத் தனக்கு அருகிலேயே தயாரித்தது. துணியில் ஒரு பகுதியைச் சாயமேற்றாமலே வாங்கி வைத்தது. வெட்டும் வேலையைத் தன் ஆலைகளில் இயந்திரங்களைக் கொண்டும், தையலைக் கலீசியாவிலும் வடபோர்த்துக்கலிலும் உள்ள சிறு பட்டறைகளைக் கொண்டும் செய்வித்தது. கடைகளுக்கு வாரத்தில் இருமுறை சரக்கு அனுப்பியது.

இதனால் தையற்செலவு கூடியது உண்மையே. ஆயினும் எது விற்கிறது என்பதைக் கடைகள் மூலம் அறிந்து தைத்தமையால், விற்காது தேங்கும் சரக்குக் குறைந்தது. பருவ முடிவில் மலிவு விலைக்குத் தள்ளிவிடும் நட்டமும் குறைந்தது. புதியன தேடி மக்கள் தாமாகவே வந்ததால் விளம்பரச் செலவு மிகச் சிறிதாயிற்று. ஓரிடத்தில் கூடிய செலவு வேறு மூன்று இடங்களில் மீண்டது. ஒவ்வொரு கண்ணியிலும் தனித்தனியே மலிவு தேடுவோர் காணத் தவறுவது இதனையே.

மிளகாய்த்தூள் தயாரித்துப் பொதி செய்து விற்கும் சிறு கடைக்கும் இம்முறை பொருந்தும். உதாரணமாக, ஒரு பொதியின் விலை 100 எனக் கொள்வோம். மிளகாய், மல்லி முதலியவற்றுக்கு 40, எரிபொருளுக்கும் அரைவைக்கும் 10, பைக்கு 8, போக்குவரத்துக்கு 7, கடை வாடகைக்கும் மின்சாரத்துக்கும் 20. எஞ்சுவது 15. ஆனால் வறுப்பதும் பொதி செய்வதும் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் இரவில் கண்விழித்துச் செய்யும் வேலையானால், அதற்குரிய கூலி எந்தக் கணக்கிலும் எழுதப்பட்டிராது. அவ்வேலையை வெளியாரிடம் கொடுத்தால் பொதிக்கு 18 செலவாகும் எனில், அந்த 15 இலாபமன்று. வீட்டாருக்குக் கொடுபடாத சம்பளம். தொழில் உண்மையில் பொதிக்கு 3 நட்டத்தில் ஓடுகிறது.

இதை அறிந்தபின் செய்யவேண்டியது வேறு. பக்குவமாக வறுத்த தூளின் மணத்துக்காகவே வாடிக்கையாளர் வருகிறார் எனில், வறுவலில் சிக்கனம் பிடித்தல் ஆகாது. பொதியின் அளவைப் பெரிதாக்கிக் கைவேலையைக் குறைக்கலாம். பிற கடைகளுக்கு மொத்தமாகக் கொடுத்து வாடகைச் சுமையைப் பரவலாக்கலாம். நியாயமான அளவில் விலையையும் உயர்த்தலாம்.

தம் தொழிலின் கண்ணிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் பணத்தையும் உழைப்பு மணிகளையும் குறித்துப் பார்ப்பதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். கடன்பட்டுக் கடை திறந்த குடும்பத்துக்கு, வெட்டவேண்டிய செலவு எது, வெட்டக்கூடாத செலவு எது என்பதை அத்தாள் காட்டிவிடும்.