மட்டன், கோர்ட், ஜெயில்... இந்த வார்த்தைகளுக்கும் 1066-க்கும் என்ன சம்பந்தம்? ஒரே வருஷத்தில் இங்கிலாந்து தலைகீழான கதை!

ஓட்டலில் "ஒரு மட்டன் பிரியாணி" என்று ஆர்டர் செய்கிறோம். "கோர்ட்ல கேஸ் நடக்குது", "ஜட்ஜ் ஜெயிலுக்கு அனுப்பிட்டாரு" என்று சர்வசாதாரணமாகப் பேசுகிறோம். எல்லாம் ஆங்கில வார்த்தைகள்தானே? ஆமாம். ஆனால் அந்த ஆங்கிலத்துக்கே இவை பிரெஞ்சிலிருந்து வந்தவை. அதற்கு வழி போட்டது 1066-ம் வருஷம். அப்படி என்னதான் நடந்தது?

ஒரு சிம்மாசனம், மூன்று பேர்

1066 ஜனவரி 5. இங்கிலாந்து மன்னர் எட்வர்ட் இறந்துபோனார். அவருக்குக் குழந்தைகள் இல்லை. மறுநாளே அவருடைய மைத்துனரும், நாட்டின் செல்வாக்கான பிரபுவுமான ஹரால்ட் முடிசூட்டிக்கொண்டார்.

இதை இரண்டு பேர் ஏற்கவில்லை. ஒருவர் நார்வே மன்னர் ஹார்ட்ராடா. இன்னொருவர், பிரான்ஸின் வடக்குக் கரையில் இருக்கும் நார்மண்டியை ஆண்ட வில்லியம். எட்வர்டுக்கு இவர் உறவுமுறை. நாட்டைத் தனக்குத் தருவதாக எட்வர்ட் வாக்குக் கொடுத்தார், அதற்குத் துணை நிற்பதாக ஹரால்டே சத்தியம் செய்தார் என்பது வில்லியமின் வாதம்.

போதாக்குறைக்கு, ஹரால்டின் சொந்தத் தம்பி டாஸ்டிக்கே ஹார்ட்ராடா பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டார். முந்தைய வருஷம் பதவி பறிபோன கோபம் அவருக்கு!

ஏப்ரலில் வானத்தில் வால் நட்சத்திரம் தெரிந்தது. மக்கள் கெட்ட சகுனம் என்று பயந்தார்கள். சுமார் 76 வருஷத்துக்கு ஒருமுறை வந்துபோகும் ஹாலி வால் நட்சத்திரம்தான் அது.

வடக்கே ஒரு போர், தெற்கே ஒரு போர்

வில்லியம் கடல் தாண்டி வருவார் என்று கோடை முழுக்கத் தெற்குக் கரையில் படையோடு காத்திருந்தார் ஹரால்ட். வில்லியமோ சாதகமான காற்று இல்லாமல் அந்தக் கரையிலேயே நின்றார். சாப்பாட்டுப் பொருட்கள் தீர்ந்துபோனதால், செப்டம்பர் 8-ம் தேதி ஹரால்ட் படையைக் கலைத்து வீட்டுக்கு அனுப்பினார்.

அதே மாதம் வடக்கே வந்து இறங்கினார் ஹார்ட்ராடா. சுமார் 300 கப்பல்கள். செப்டம்பர் 20-ம் தேதி யார்க் நகருக்குப் பக்கத்தில் ஃபுல்ஃபோர்டில் உள்ளூர்ப் படை தோற்றது. தகவல் கிடைத்த ஹரால்ட், அவசரமாகப் படை திரட்டி சுமார் 300 கிலோமீட்டர் வடக்கே விரைந்தார். செப்டம்பர் 25, ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ். எதிர்பாராத நேரத்தில் தாக்குதல். ஹார்ட்ராடாவும் டாஸ்டிக்கும் கொல்லப்பட்டார்கள். மிச்சமிருந்த நார்வே வீரர்கள் ஊர் திரும்ப 24 கப்பல்களே போதுமானதாக இருந்ததாம்.

ஆனால் இந்த வெற்றிக்கு ஆயுசு மூன்றே நாள். காற்று திசை மாறியது. செப்டம்பர் 28-ம் தேதி காவலே இல்லாத தெற்குக் கரையில், பெவென்சியில் வில்லியம் வந்து இறங்கினார்.

களைத்துப்போன படையோடு ஹரால்ட் மறுபடி தெற்கே திரும்பினார். அக்டோபர் 14-ம் தேதி ஹேஸ்டிங்ஸ் போர். மேட்டின் மேல் கேடயங்களை வரிசையாகப் பிடித்து ஹரால்டின் வீரர்கள் நின்றார்கள். குதிரைப்படையும் வில்லாளிகளும் திரும்பத் திரும்பத் தாக்கினார்கள். நார்மன் வீரர்கள் பயந்து ஓடுவதுபோல் நடிக்க, அதை நம்பி மேட்டை விட்டு இறங்கியவர்கள் சிக்கிக்கொண்டார்கள். காலையில் தொடங்கிய சண்டை பொழுது சாயும் நேரத்தில் முடிந்தது. ஹரால்ட் உயிரோடு இல்லை.

பட்டாபிஷேகத்திலும் ஒரு களேபரம்

டிசம்பர் 25-ம் தேதி வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் வில்லியமுக்கு முடிசூட்டு விழா. உள்ளே இருந்தவர்கள் வாழ்த்துக் கோஷம் எழுப்பினார்கள். வெளியே நின்ற நார்மன் காவலர்களுக்கு மொழி புரியவில்லை. கலவரம் என்று நினைத்துப் பக்கத்து வீடுகளுக்குத் தீ வைத்துவிட்டார்கள்! ஆள்பவருக்கும் மக்களுக்கும் வேறு வேறு மொழி என்ற சிக்கல் முதல் நாளிலேயே தெரிந்துவிட்டது.

மக்கள் கொடுத்த விலை

அடுத்த சில வருஷங்களில் வடக்கே கிளர்ச்சி வெடித்தது. 1069-70 குளிர்காலத்தில் வில்லியமின் படை ஊர்களையும் தானியத்தையும் கொளுத்தியது. பஞ்சத்தில் ஏராளமானோர் செத்தார்கள். 1086-ல் நாடு முழுக்க நிலக் கணக்கு எடுத்தபோது, பெரிய நிலங்கள் கிட்டத்தட்ட எல்லாமே நார்மன்கள் உள்ளிட்ட வெளியிலிருந்து வந்தவர்கள் கையில் இருந்தன.

அப்போ மட்டன் எப்படி வந்துச்சு?

அரண்மனையிலும் நிர்வாகத்திலும் பிரெஞ்சு உட்கார்ந்தது. அடுத்த சில நூற்றாண்டுகளில் கோர்ட், ஜட்ஜ், ஜெயில், பார்லிமென்ட், கவர்மென்ட் என அதிகாரம் தொடர்பான வார்த்தைகள் ஆங்கிலத்துக்குள் வந்தன. வயலில் மேய்கிற ஆட்டுக்குப் பழைய ஆங்கிலப் பெயரான 'ஷீப்' நிலைத்தது. அது கறியாகித் தட்டுக்கு வந்தால் பிரெஞ்சு வழியில் 'மட்டன்'. மாடு 'கவ்', அதன் கறி 'பீஃப்'. பன்றி 'பிக்', கறி 'போர்க்'. மேய்த்தவர் மொழி ஒன்று, விருந்து சாப்பிட்டவர் மொழி இன்னொன்று.

இதில் அதிகம் கஷ்டப்பட்டவர் வழக்குக்காக கோர்ட்டுக்குப் போன சாமானியர். தன் வழக்கில் என்ன பேசுகிறார்கள் என்பதே அவருக்குப் புரியாது. மக்களுக்குப் புரியவில்லை என்ற காரணத்தைச் சொல்லி, கோர்ட்டில் ஆங்கிலத்தில்தான் வாதாட வேண்டும் என்று சட்டம் வந்தது 1362-ல். கிட்டத்தட்ட 300 வருஷம் கழித்து. ஆனால் அந்தச் சட்டத்தையும் பிரெஞ்சில்தான் எழுதி வைத்திருந்தார்கள்!