பெயர் ஒன்று, வேர் வேறு

உலகச் சந்தையில் தங்கத்தின் விலையை டிராய் அவுன்ஸ் கணக்கில் சொல்கிறார்கள். அது சுமார் 31.1 கிராம். நியூயார்க் மாநிலத்தில் டிராய் என்றொரு நகரம் உண்டு. வியாழனின் பாதையிலேயே சூரியனைச் சுற்றிவரும் சிறுகோள் கூட்டங்களுக்கு டிரோஜன்கள் என்று பெயர். ஹோமரின் காவியம் பாடிய டிராய் மாநகரம், இன்றைய துருக்கியின் ஹிசார்லிக் மேட்டில் இருந்ததாகக் கொள்ளப்படுகிறது. எல்லாவற்றிலும் அதன் பெயரே ஒலிப்பதால், எல்லாம் அங்கிருந்து கிளைத்தவை என்று எண்ணத் தோன்றும். ஆனால் பெயர் ஒத்திருப்பது மட்டுமே உறவுக்குச் சான்றாகிவிடாது.

அமெரிக்க டிராய்க்கு முன்பு வாண்டர்ஹைடன் என்ற டச்சுக் குடும்பத்தின் பெயரே வழங்கியது. 1789இல் ஊரார் கூடி அதை மாற்றினார்கள். புதிதாகப் பிறந்த குடியரசு பழம்பெருமையை நாடிய காலம் அது. அதே மாநிலத்தில் ரோம், சிரக்யூஸ் என்ற ஊர்களும் எழுந்தன. வானத்திலும் அப்படியே. வியாழனின் பாதையில் 1906இல் மாக்ஸ் வோல்ஃப் கண்டறிந்த சிறுகோளுக்கு, டிராய்ப் போர் வீரனான அகிலீஸின் பெயர் வைக்கப்பட்டது. பின்னர் அந்தக் கூட்டங்களின் சிறுகோள்களுக்கு அப்போர் வீரர்களின் பெயர்களைச் சூட்டுவது மரபாயிற்று. இவை தெரிந்தே இரவல் வாங்கிய பெயர்கள். தங்க எடைக்கு அந்த உறவுகூட இல்லை. இடைக்காலச் சந்தைகளுக்குப் பேர்பெற்ற பிரான்சின் ட்ருவா நகரிலிருந்து அது வந்தது என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். ஒலியை மட்டும் நம்பினால் நேரும் விபரீதத்துக்கு லண்டனே சாட்சி. டிராய் வழிவந்த புரூட்டஸ் அதைப் புதிய டிராயாக நிறுவினான் என்றும், அப்பெயரே டிரினோவான்டம் என மருவியது என்றும் 12ஆம் நூற்றாண்டில் மான்மத் ஜெஃப்ரி எழுதினார். உண்மையில் டிரினோவான்டம் என்ற பெயர் டிரினோவான்டஸ் என்ற பிரிட்டன் பழங்குடியின் பெயரிலிருந்து வந்தது. இருந்தும் அந்தப் பொய்ப் பூர்வீகம் பல நூற்றாண்டுகள் வரலாறாக நம்பப்பட்டது.

அப்படியானால் பெயரை ஆதாரமாகவே கொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். கொள்ளலாம், துணைச் சான்றுகள் இருந்தால். ஹிட்டைட் பேரரசின் களிமண் ஏடுகளில் வரும் விலூசா என்ற நாட்டை, டிராயின் மற்றொரு பெயரான இலியோஸோடு பெரும்பாலான அறிஞர்கள் இணைக்கிறார்கள். ஒலி ஒப்புமை அவர்களுக்குத் துப்பு மட்டுமே. அந்த ஏடுகள் விலூசாவை, இன்றைய துருக்கிப் பகுதியான அனத்தோலியாவின் வடமேற்கில் வைக்கின்றன. ஹிசார்லிக் அகழாய்விலும் அதே காலத்து அரண்சூழ்ந்த நகரம் வெளிப்பட்டது. பெயர், இடம், காலம் மூன்றும் பொருந்தியதால்தான் அந்த முடிவுக்கு வலு வந்தது. எந்த ஊரின் பூர்வீகத்தைப் பேசினாலும் இந்த நிதானம் வேண்டும். பெயரை யார், எப்போது, எதற்காக வைத்தார்கள் என்று கேட்காமல் உறவு கொண்டாடினால், இரு ஊர்களின் வரலாற்றையுமே இழந்துவிடுவோம்.